முப்பத்திரண்டாவது கையெழுத்து

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். நீங்கள் எல்லோரும் நலமென்று நீ அனுப்பும் படங்களிலிருந்து தெரிகிறது. என் முழங்காலுக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதி அறுவை சிகிச்சை. பிறகு ஆறு வாரம் மாடி ஏறக் கூடாதாம். நான்காவது மாடியில் இருப்பவளுக்கு நல்ல யோசனைதான்.

உன் அண்ணன் மாத்திரை சாப்பிடுகிறான். குரல்கள் குறைந்துவிட்டன. கீழே இருக்கும் தண்ணீர் மோட்டார் மட்டும் இன்னும் அவனைத் திட்டுகிறது. தாங்க முடியாத நாட்களில் இறங்கிப் போய் அதை அணைத்துவிடுகிறான். இருபது வருடமாக அவன் நோயைக் கவனிக்காதவர்கள்கூட, தலையில் சோப்பு நுரையோடு நிற்கும்போது கவனித்துவிடுகிறார்கள்.

போன மாதம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு மனு எழுதினார். அவனைத் தகுந்த இடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எல்லாம் அவர் மேல இருக்குற அக்கறைதான்" என்றார். ஒரு வீட்டையும் விடாமல் கையெழுத்து வாங்கச் சொல்லிப் புதிய காவலாளியை அனுப்பினார். அவரும் எங்கள் வீட்டைக்கூட விடவில்லை. நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். உன் அண்ணன் மனுவை முழுவதும் படித்துவிட்டு, "பாவம், எல்லாரும் எவ்ளோ கஷ்டப்படுறாங்க" என்று சொல்லி முப்பத்திரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். தேதி போட்டவன் அவன் ஒருவன்தான்.

மனுவோடு போன செயலாளரிடம் காவல் நிலையத்தில், "யாரையாவது அடிச்சா சொல்லுங்க, உடனே வர்றோம்" என்றார்களாம். மருத்துவமனைக்கு நானே அழைத்துப் போனேன். "இவ்ளோ அமைதியா இருக்காரே, வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க" என்றார் மருத்துவர். அடித்தால் ஒரு இடம், அடிக்காவிட்டால் வீடு.

அங்கிருந்த சமூகப் பணியாளர் ஒருத்திதான் மறுவாழ்வு இல்லம் ஒன்றைச் சொன்னாள். போய்ப் பார்த்தேன். சுத்தமான அறை, வேளைக்கு மருந்து, தோட்ட வேலை. தண்ணீர் கைப்பம்பில்தான். அது யாரையும் திட்டாது என்று நம்புகிறேன். பத்தாம் தேதிக்குள் சேர்க்க வேண்டும். படிவத்தில் இரண்டு கையெழுத்து: ஒன்று நான், மற்றது எனக்கு ஏதாவது ஆனால் அவனுக்குப் பொறுப்பேற்பவர்.

அக்கறையுள்ளவர்கள் முப்பத்தோரு பேர் ஒரே கட்டடத்தில் இருக்கும்போது என்ன கவலை என்று நானும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "சங்கத்துல இதுக்கு விதி இல்லம்மா" என்றார் செயலாளர். இரண்டாம் மாடி வக்கீல், "அது எல்லாரோடயும் சேந்து போட்டது. இது தனியாப் போடணுமில்ல?" என்று கேட்டார். எல்லோரும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். அன்று மோட்டார் ஓடியிருந்தது.

திரும்பி வந்தபோது உன் அண்ணன் படிவத்தை வாங்கிப் படித்தான். "யாருமே போடலையாக்கா? குடு, நான் போடறேன். இந்த ஆளைப் பாத்துக்க ஒருத்தராவது வேணுமில்ல?" என்று பேனாவைத் திறந்துவிட்டான்.

போன தடவை தொலைபேசியில் நீயும் அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றாய். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாவது கோட்டில் ஒரு மைப்புள்ளி இருக்கும். அவன் ஆரம்பித்ததும் நான் பிடுங்கிக்கொண்டேன். பரவாயில்லை, அதன் மேலேயே நீ போடலாம்.

நீயும் குழந்தைகளும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா