கழற்றிப் போடச் சொன்ன தகரம்

மரக்காணம்,
ஐப்பசி மாசம்.

அன்பு மகன் வெற்றிச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அதில் உன் பங்கு ஒன்றும் இல்லை. மஸ்கட்டில் நீயும் மருமகள் சத்யப்ரியாவும் என் பேத்தி பூஜாவும் நல்லபடியாக இருக்க நம்ம குலசாமி துணை. போனில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். போனில் நான் கடுமையாக நாலு வார்த்தை பேசினால் உனக்கு உடனே டவர் கிடைக்காமல் போய்விடுகிறது, காகிதத்துக்கு அந்தக் கோளாறு இல்லை. அனுமந்தை சவரிமுத்து மகன் ஜான்சன் லீவு முடிந்து அங்கே வருகிறான், கருவாட்டோடு சேர்த்து அவனிடம் கொடுத்துவிடுகிறேன். நான் படித்த அஞ்சாம் வகுப்புக்கு என் எழுத்து இவ்வளவுதான், கோணலாகத் தெரிந்தால் பூஜாவைப் படிக்கச் சொல். அந்த ஊரில் இருந்துகொண்டு என் பேத்தி தமிழ் வாசிக்கிறாள் என்று இங்கே ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்திருக்கிறேன். திட்டு வருகிற இடத்தில் நிறுத்தாமல் சத்தமாகவே படிக்கட்டும்.

விஷயம் நீ போன லீவில் வாங்கி நிறுத்திவிட்டுப் போன கார். உன் தங்கச்சி இலக்கியா வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள், கூடவே பெட்டியோடு மாப்பிள்ளை சரத்குமாரும் வந்து உட்கார்ந்திருக்கிறார், கார் இப்போது அவர் கையில். கிளப்பினால் அடியில் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போலக் கடகடவென்று சத்தம். மெதுவாகப் போனால் அதிகம், ஈசிஆரில் வேகம் எடுத்தால் அடங்கும், நின்றால் மறுபடி ஆரம்பிக்கும். முதலில் “ரோடு சரியில்ல அத்தை” என்றார் மாப்பிள்ளை. வாசலில் நிற்கும்போதும் சத்தம் வருகிறதே, வாசலுமா சரியில்லை? அடுத்து பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார், அதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். எதிர்வீட்டு பக்கிரி, வாழ்நாளில் சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டாதவன், “ஏம்பா, இன்ஜினே காலி, எவன் கண்ணு பட்டுச்சோ, பூசணிக்காய சுத்தி உட” என்றான். அதையும் செய்தார்கள். சத்தம் நிற்கவில்லை, ஒரு வேளைக் கூட்டுதான் நடுரோட்டில் போனது. கடைசியில் மெக்கானிக் வெங்கடாசலம் வண்டியைத் தூக்கி நிறுத்திக் காட்டினான். இன்ஜினிலிருந்து பின்னால் போகிற புகைக்குழாய் அடுப்பு மாதிரிக் கொதிக்குமாம். அந்தச் சூடு மேலேயும் கீழேயும் தாக்காமல் இருக்க மெல்லிசுத் தகடு பொதிந்திருக்கிறார்கள், ஹீட் ஷீல்டு என்று பெயர். உப்புக் காற்று போல்டை அரித்துத் தகடு ஆடுகிறது, அவ்வளவுதான். “போல்டும் பெரிய வாஷரும் வாங்கியாந்து வைக்கிறேன், புதன்கிழமை வாங்க” என்றான். எந்தப் புதன்கிழமை என்று அவன் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

பொறுத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? மாப்பிள்ளைக்குக் கடைத்தெருவில் கௌரவக் குறைச்சலாம், உனக்குப் போன் போட்டார். நீ ஏசி ரூமில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “மச்சான், அது வெறும் தகரம், புடுங்கிக் கடாசுங்க, ஒண்ணும் ஆவாது, இங்கெல்லாம் எவனும் வச்சுக்கறதில்ல” என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் பக்கத்தில்தான் நின்றேன், இல்லை என்று சொல்லிப் பார்க்காதே. ஒண்ணுக்கும் ஆகாத பொருளைக் கார் செய்தவன் பொழுது போகாமல் மாட்டினானா? நீ அங்கே போய் ஏசி ரிப்பேர் செய்கிறாய், அதைச் செய். சரி, தகரத்தைப் பிடுங்கினார், சத்தம் நின்றது, அந்தக் காரையே தான் செய்தது போல மாப்பிள்ளைக்கு ஒரு நடை. அதோடு விட்டாரா? போல்டைத் தின்றது உப்பு என்று காதில் விழுந்ததே, இனி வண்டி நம் உப்பளத்துத் தரையில் நிற்கக் கூடாது என்று ஒரு யோசனை. மழைக்கு முன்னால் உப்பு அம்பாரத்தை மூடுவதற்கு இறக்கி வைத்திருந்த காய்ந்த கீற்றை எடுத்து, களத்துக் கொட்டகையில் மெத்தை மாதிரி விரித்து, அதன்மேல் காரை ஏற்றி நிறுத்த ஆரம்பித்தார். மேலே மூடியில்லாத கொதிகுழாய், கீழே காய்ந்த ஓலை. அடுப்பு பற்ற வைத்தவர்கள் யாராக இருந்தாலும் மீதியைச் சொல்லிவிடுவார்கள், நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கமே போனதில்லை.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாண்டிச்சேரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தார்கள். இலக்கியாவுக்கு எட்டாம் மாசம், கால் வீங்கிப் பின் சீட்டில் அசந்து தூங்குகிறாள். தூங்கட்டும் என்று ஏசியை ஓடவிட்டு, கீற்றுமேல் வண்டியை நிறுத்திவிட்டு, இவர் இறங்கி வரப்பில் நடந்தபடி போன் பேசுகிறார், உன்னோடுதான். வண்டி இப்போது சத்தமே இல்லாமல் போகிறது என்று பெருமை. நான் அம்பாரத்து ஓரம் பலகையால் உப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஓலை கருகுகிற வாசனை வந்தது. குனிந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் புகை, புகைக்குள்ளே சிவப்பு. கதவைத் திறந்து அவளை அணைத்து இழுத்து வந்து வரப்பில் உட்கார வைத்தேன். பிறகு ஈர உப்பை வாரி வாரி அடியில் தள்ளினேன். தண்ணீர் எடுக்கத் தொலைவு போக வேண்டும், உப்புக்கு நமக்கு என்ன பஞ்சம்? மாப்பிள்ளை ஓடி வந்து என்ன சொன்னார் தெரியுமா? “ஐயோ அத்தை, உப்பக் கொட்டாதீங்க, வண்டி துரு புடிச்சுடும்!” என்றார். “உள்ள யாரு தூங்கினு இருந்தான்னு பாத்துட்டுப் பேசுங்க மாப்ள” என்றேன். அப்புறம்தான் முகம் செத்தது, அவளைப் பார்த்ததும் அந்த உப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நெருப்பு அணைந்தது. மறுநாள் நான் அவளை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குழந்தைக்குத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்கிறவரை எனக்குப் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. வரும் வழியெல்லாம், “அண்ணனுக்குச் சொல்லாதம்மா, மனசு கஷ்டப்படும்” என்று உன் தங்கச்சி கெஞ்சினாள். கஷ்டப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ கடாசச் சொன்ன தகரம் கோழிக் கூண்டுக்கு மூடியாக இருந்தது. எச்சத்தைக் கழுவி நானே எடுத்துப்போய், வெங்கடாசலத்தின் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போல்டு முடுக்குகிறவரை எழுந்திருக்கவில்லை. அன்றைக்குப் புதன்கிழமை இல்லை. அடியிலிருந்த உப்பையும் நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னேன். ஒரு மூலை மட்டும் லேசாகக் கடகடக்கிறது, அதற்குக் கிளாம்பு போடுகிறேன் என்றான். போடட்டும், அதுவரை கடகடக்கட்டும், தகரம் அதன் இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. மாப்பிள்ளை இப்போதெல்லாம் குனிந்து அடியில் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார். உனக்குத்தான் இன்னும் புத்தி வரவில்லை. தங்கச்சிக்குப் போன் போட்டு, நான் சொன்னது தப்பும்மா என்று உன் வாயால் சொல். லீவு கிடைத்தால் பிரசவத்துக்கு வா, இங்கே வந்து நின்று யோசனை சொன்னால் நான் கேட்கிறேன்.

பூஜாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல். மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கட்டும், நீயும் இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. இலக்கியாவுக்குக் குழந்தை பிறந்ததும் உனக்குப் போன் வரும். அது வீறிட்டுக் கத்துகிற சத்தம் அங்கே உனக்கே கேட்கும். எதையும் கழட்டச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற பாவத்துக்கு இவ்வளவும் எழுதிய அம்மா,
தையல்நாயகி