ஸலீம் நானாவின் வேனில் போட்ட குலவை

புது வீட்டுத்திட்டம்,
பூனாகலை.
12.01.2025

அன்பு மகள் நிஷாந்தினிக்கு,

அம்மா எழுதுவது. கதிர்காமத்தான் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகன் ரமேஸும், ஏழு மாதமாக உன் வயிற்றில் குடியிருப்பவரும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ அழுதால் நானும் அழுவேன், அதற்குள் டேட்டா முடிந்துவிடும். தாளில் எழுதினால் கண்ணைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதலாம்.

நீ அனுப்பிய பார்சல் கிடைத்தது. சாக்லேட்டை அப்பாவுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறேன், அவருக்குச் சீனி கூடியிருக்கிறது. சீடியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் எண்பது பேரோடு சேர்ந்து பாடியது, இயேசு பாலன் பிறந்த கதை, இசை எழுதியவர் அந்த ஊரிலேயே இருக்கும் ஓர் அம்மா, பெயர் ஓரட்டோரியோ என்று குறிப்பு வைத்திருந்தாய். 'நாடகம் மாதிரிம்மா, ஆனா யாரும் நடிக்க மாட்டாங்க, நின்ன இடத்துலயே பாடுவாங்க' என்றும் எழுதியிருந்தாய். கடைசியில் 'நாப்பதாவது நிமிஷத்துக்குப் பொறகு கவனமாக் கேளுங்க' என்று அடிக்கோடு வேறு. இதைப் போனிலேயே அனுப்பியிருக்கலாமே என்றார் அப்பா. உறையில் உன் பெயர் அச்சாகியிருக்கிறது, நாங்கள் அதைத் தொட்டுப் பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறாய் என்று நான் சொன்ன பிறகு, அவரே அதை மூன்று தரம் தொட்டுப் பார்த்தார்.

ஆனால் இந்த மலையில் சீடி போடும் பெட்டி யாரிடம் இருக்கிறது? அப்பா பெரகல சந்திக் கடைகளில் எல்லாம் ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு வந்தார். பிறகுதான் ஸலீம் நானாவின் பள்ளிக்கூட வேனில் பழைய செட் இருப்பது ஞாபகம் வந்தது. போன ஞாயிறு பின்னேரம் அவர் வேனைக் கொண்டுவந்து மைதானத்தில் நிறுத்தினார். விஷயம் தெரிந்து என்னோடு சேர்த்துப் பெண்கள் பதினொரு பேர் உள்ளே ஏறிவிட்டோம். அப்பாவும் மற்ற ஆம்பிளைகளும் கதவோரம் நின்றார்கள். நாங்கள் மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனபோது உன்னையும் உன் வயதுப் பிள்ளைகளையும் பிள்ளைக்காம்பராவில் வளர்த்த இராக்கம்மா அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து, இது காமன் கூத்து மாதிரி விடிய விடியப் போகுமா, சோற்றை வடித்து வைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பெரிய மேளம் முழங்கியபோது ஸலீம் நானா எங்கே ஸ்பீக்கர் கிழிந்துவிடுமோ என்று பயந்து சத்தத்தைக் குறைத்தார். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ஒரு பெண் குரல் இழுத்து இழுத்துப் பாடும்போது, இவள்தான் மரியாள், நிறைமாதத்தோடு நடக்கிறாள் என்று எங்களுக்கே தெரிந்தது. அரை மணி நேரத்துக்கு மேலாகியும் பிள்ளை பிறக்கவில்லை. 'தலப்பிரசவம்ல, இழுக்கத்தான் செய்யும்' என்று இராக்கம்மா அக்கா எல்லோரையும் அமர்த்தினார்.

அப்புறம் எல்லா வாத்தியங்களும் ஒன்றாக அடங்கின. ஒரு சின்னக் குழல் மட்டும் சிணுங்கியது. 'பொறந்துருச்சு' என்று சொல்லி இராக்கம்மா அக்கா குலவை போட்டார். அவர் போட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பதினொரு பெண்களும் வேன் கண்ணாடி அதிரக் குலவை போட்டோம். யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன, பிறந்தால் குலவை போட வேண்டியதுதானே.

குலவை ஓய்ந்தபோது வேனுக்குள் தமிழ் கேட்டது. உன் குரல் கேட்டது.

'கொழுந்து நிறுத்து, கூடை கவுத்து,
அம்மா வருவா, கண்ணுறங்கு.'

முதல் பாதியை எங்கள் சத்தத்தில் நாங்களே அமுக்கிவிட்டோம், நிஷா. அப்போது என் காதில் விழுந்தது இரண்டாவது பாதி மட்டும்தான்.

ஸலீம் நானாவின் மகள் றின்ஸா உறைக்குள் இருந்த புத்தகத்தை வாசித்துச் சொன்னாள். மரியாளின் தாலாட்டை மட்டும் அந்த அம்மா தானாக எழுதவில்லையாம். குழுவில் பல நாட்டுப் பெண்கள் இருந்ததால், அவரவர் வீட்டுப் பாட்டைப் பாடச் சொன்னாராம். அந்த அம்மாவுக்கு நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டதாகச் சொல். அப்பா வேனுக்குப் பின்னால் போய், டயரில் காற்று இருக்கிறதா என்று வெகு நேரம் தட்டிப் பார்த்தார். பிறகு வந்து, அந்த இடத்தை மட்டும் ஆறு தரம் போடச் சொல்லிக் கேட்டார். பேட்டரி இறங்கி, கடைசியில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வேனைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தோம்.

இனி, பத்து வருஷமாக நாம் இருவரும் தொடாத பேச்சு. அன்று காலை மீரியபெத்த தோட்டத்து லய வீட்டில் நீ தம்பி தர்ஷனைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாய். அவனுக்குச் சளி, அதனால் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுபோகாமல் வீட்டில் இருந்த அத்தையிடம் விடுவதாக இருந்தது. நீ இந்தப் பாட்டில் பாதிதான் வந்திருந்தாய். பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடுவதற்குள் நான் போய்ச் சேர வேண்டுமே என்ற அவசரத்தில், 'பாடுனது போதும், ஸ்கூல் பஸ்ஸு போயிரும், ஓடு' என்று உன்னை விரட்டினேன். நீ முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாய். தம்பி அழுதான். நாம் போன பிறகு மலை சரிந்தது. வீடும் இல்லை, அத்தையும் இல்லை, தம்பியும் இல்லை.

'அன்னிக்கு நான் போயிருக்கக்கூடாது' என்று நீ இராக்கம்மா அக்காவிடம் சொல்லி அழுதாயாம். என் காதுக்கும் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நீ போனதில் எனக்குச் சந்தோஷம் என்று சொன்னால், தம்பி கேட்டுவிடுவானோ என்று பயந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எப்படி அப்படிச் சொல்வாள்? இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நீ என் பேச்சைக் கேட்டு ஓடினாயே, அதற்கு நன்றி. பெற்ற மகளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று அப்பா கேட்கிறார். நான் சொல்வேன். நீ தப்பு ஒன்றும் செய்யவில்லை கண்ணு. பாட்டை நிறுத்தச் சொன்னது நான். பத்து வருஷம் கழித்து அதை நீ பாடி முடித்துவிட்டாய்.

பிள்ளைக்கு மரக்கட்டில் வாங்கியிருப்பதாகவும், தொட்டில் வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். ஏன் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இதோடு ஒரு சேலை அனுப்புகிறேன். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்ட பச்சைக்கரைச் சேலை. நீ பிறந்தபோது உன்னைத் தொட்டில் கட்டி ஆட்டியது இதில்தான். அன்று நான் மலைக்கு உடுத்திப் போனதால் இதுவும் தப்பியது. ரமேஸிடம் சொல்லி நல்ல கொக்கியாக மாட்டச் சொல். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கச் சொல்.

பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். இங்கே குலவைக்குப் பதினொரு பேர் தயாராக இருக்கிறோம். நீ தொட்டிலைக் கட்டி, பாட்டை முதலிலிருந்து பாடு, மகளே. மெதுவாகப் பாடு. இந்தத் தரம் உன்னை யாரும் விரட்ட மாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும் அம்மா,
விஜயலெட்சுமி கணபதி