வாரத்துக்கு ஒரு மாத்திரை

என் வீட்டு எசமானிக்கு,

நான் நலம். அம்மா நலமா என்று கேட்கத்தான் நாக்கு கூசுகிறது.

அம்மாவின் எலும்புக்கு நான் அனுப்பிய வைட்டமின் டி மாத்திரையை நிறுத்து, டாக்டரிடம் கூட்டிப் போ என்று நேற்று போனில் கத்தினேனே, காரணம் சொல்ல வாய் வரவில்லை. அது வாரத்துக்கு ஒன்றுதானாம். பெரிய மருத்துவ மேதை மாதிரி தினமும் கொடுக்கச் சொன்னவன் நான். அடுத்த டப்பா வாங்கப் போனபோது மருந்துக்கடைக்காரர் பதறிவிட்டார்.

"தினமுமா? வயசானவங்க உடம்பு தாங்குமாங்க? குமட்டும், பசியே எடுக்காதே!"

அம்மா சாப்பிடவில்லை என்றதும் உன் சமையலையல்லவா அக்காவிடம் வரை குறை சொல்லி வைத்தேன்! அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அவ காலைப் பிடிடா" என்றாள்.

டாக்டர் சொன்னதை எழுது. என்னைத் திட்டி நாலு பக்கம் சேர்த்து எழுது; இந்த அறையில் திட்டவும் ஆளில்லை. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் அசட்டுப் புருஷன்