பீச் காப்ளரும் ஒன்று விட்டு ஒரு ஞாயிறும்

ஜூன் 2, ஞாயிறு

மகள் பத்து மணிக்கு வந்தாள், நாலரைக்குக் கிளம்பிவிட்டாள். கோர்ட்டில் எழுதிக் கொடுத்தது ஆறு மணி வரை. ஒன்று விட்டு ஒரு ஞாயிறு, பத்திலிருந்து ஆறு. நான்கு வருடமாக இதுதான் ஏற்பாடு. ஒன்றரை மணி நேரம் குறைகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கடையில் வாங்கி வந்த சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்தாள். வழக்கம்போலக் கேட்டேன், "அங்க உன்னை நல்லா கவனிச்சுக்கறாங்களா?" போனைப் பார்த்துக்கொண்டே, "ம்... போன வாரம் அங்கிள் பீச் காப்ளர் செஞ்சாரு. மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்" என்றாள் மகள்.

அங்கிள் என்பது அவள் அம்மா கட்டிக்கொண்ட கணக்கு வாத்தியார். மூன்று தடவையாம். என் வீட்டில் எதையாவது இரண்டாம் தடவை கேட்டிருக்கிறாளா இவள்?

27ஆம் தேதி அவளுக்குப் பதினாறு முடிகிறது. அதன் பிறகு இங்கே வருவதும் வராததும் பெண்ணின் இஷ்டம் என்று வக்கீல் அப்போதே சொல்லிவிட்டார். அதற்கு முன் எனக்கு ஒரே ஒரு ஞாயிறு பாக்கி.

வயிற்றெரிச்சலாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போ.

ஜூன் 4, செவ்வாய்

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்ட். உள்ளே ஒரு ஆள் சூட்கேஸ் மேல் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததும், "அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றார். வீட்டில் என்ன நிலைமையோ பாவம்.

திரும்பும் வழியில் வேனில் பார்ட்னரிடம் கேட்டேன், பீச் காப்ளர் என்றால் என்ன என்று. பதினோரு வருடமாக என்னோடு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். சாப்பாட்டு விஷயத்தில் அவனைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?

"கேக்கும் இல்ல, ஜாமும் இல்ல, ரெண்டுங்கெட்டான். ஆனா சூடா சாப்பிட்டா விடமாட்டே."

ஜூன் 8, சனி

இரண்டு கிலோ பீச் வாங்கினேன். ஒவ்வொன்றும் கல் மாதிரி. "ரெண்டு நாள் வெளியவே வைங்க, பழுத்துடும்" என்றாள் பழக்கடைக்காரி. நான் கேட்டேனா? பத்திரமாக இருக்கட்டும் என்று வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

அவள் முறை இல்லாத ஞாயிறு. பழம் பழுக்கவில்லை. குளிர்ந்த கல்லாக இருந்தது, அவ்வளவுதான். இருந்தாலும் நறுக்கினேன்.

போனில் இருந்த செய்முறை எளிதாகத்தான் இருந்தது. தட்டில் வெண்ணெயை உருக்கு. அதன் மேல் மாவுக் கரைசலை ஊற்று. அதன் மேல் பழத்தைப் போடு. கலக்காதே. கலக்காதே என்பதை இரண்டு தடவை போட்டிருந்தார்கள். வெண்ணெய் ஒரு பக்கம் மிதக்கிறது, மாவு ஒரு பக்கம் கிடக்கிறது, பழம் நடுவில் அனாதையாக நிற்கிறது. பாதியில் விட்ட வேலை மாதிரி இருந்தது. எனக்குக் கை பரபரத்தது. ஒரு கரண்டியை எடுத்து நன்றாகக் கலக்கிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் கருகிய வாசனை. மேலே கரி, உள்ளே பசை. சந்தேகம் வந்து, மோட்டார் சூடு பார்க்கிற தெர்மாமீட்டரை ஓவனுக்குள் வைத்துப் பார்த்தேன். திருகு காட்டுவது 180, உள்ளே 230. ஊரில் இருக்கிற மெஷினையெல்லாம் சரி பார்க்கிறேன், என் வீட்டு ஓவனை இத்தனை வருடத்தில் ஒரு நாள் பார்த்ததில்லை. பின்பக்கம் கழற்றித் தெர்மோஸ்டாட்டை மாற்றி முடித்தபோது மணி ஐந்து.

நாள் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. தொண்டையைக் கனைத்துப் பார்த்தேன். குரல் இருந்தது.

ஜூன் 10, திங்கள்

பார்ட்னர் ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதை லிஃப்ட் குழிக்கு அடியில வெச்சிடலாம். ரோப் அறுந்து விழுந்தாக்கூட ஆளுக்கு ஒண்ணும் ஆகாது."

ஜூன் 16, ஞாயிறு

இன்று அவள் வந்தாள். காலையிலேயே செய்து வைத்திருந்தேன். இந்த முறை டின் பழம், கலக்கவும் இல்லை. நடுவில் மட்டும் கொஞ்சம் வேகவில்லை.

இரண்டு ஸ்பூன் சாப்பிட்டு, "நல்லா இருக்குப்பா" என்றாள். யாரோ வீட்டுக்கு விருந்துக்குப் போனவள் சொல்வதுபோல. அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

"அங்க செஞ்ச மாதிரி இருக்கா?"

"ம்."

"அதுல என்ன போடுவாரு அவரு?"

"தெரியாதுப்பா."

"அதை விட நல்லா இருக்கா, இல்லையா? சும்மா சொல்லு."

ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டாள். அப்புறம் அவள் போனிலிருந்து தலை நிமிரவே இல்லை. மூன்று மணிக்கே தலைவலி என்று கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாப் வரை கூடவே போனேன். பஸ் வரும் வரை இரண்டு பேரும் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். அவள் அம்மா இதையே பதினைந்து வருடம் சொன்னாள்.

ஜூன் 19, புதன்

வாத்தியாருக்குப் போன் செய்தேன். ஆமாம், நானேதான்.

அவர் நம்பர் அவசரத்துக்கென்று நான்கு வருடமாக என் போனில் கிடக்கிறது. மதியம் மொட்டைமாடி மோட்டார் அறையிலிருந்து இரண்டு தடவை அடித்து, அடித்த வேகத்தில் கட் செய்தேன். மூன்றாவது தடவை அவரே கூப்பிட்டுவிட்டார்.

"சார், என்ன சார்? பொண்ணுக்கு ஏதாவது...?"

இல்லை சார், பீச் காப்ளர் எப்படிச் செய்கிறது என்று கேட்கலாமென்று... என்றேன். சிரிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. வகுப்பில் சொல்வது மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நல்லாப் பழுத்த பழமா வாங்குங்க. சர்க்கரை தூவி ஒரு மணி நேரம் வைங்க. விட்ட சாறைத் தனியா சுண்டவிட்டுச் சேருங்க. உள்ளே வெச்ச பிறகு ஓவனைத் திறந்து திறந்து பார்க்காதீங்க, கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருங்க.

"அவ மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்னு சொன்னா" என்றேன்.

"உங்ககிட்ட சொன்னாளா சார்?" அவர் குரலே மாறிவிட்டது. "எங்க வீட்ல தட்டை எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போனா கதவு சாத்திக்கும். சாப்பிட்டாளா, கொட்டினாளான்னே எனக்குத் தெரியாது. மூணு தடவைன்னா சொன்னா?"

அந்த மனிதரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது. அவருக்குப் போய்ப் பரிதாபப்படுகிறேனே என்று என் மேல் கோபம் வந்தது. போனை வைத்தபின் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் அவள் ஏன் அப்படிச் சொன்னாள்?

ஜூன் 27, வியாழன்

பிறந்தநாள். வாழ்த்து அனுப்பினேன். 'தேங்க்ஸ்பா' என்று வந்தது.

ஜூன் 30, ஞாயிறு

பழக்கடைக்காரி சொன்னதை இந்தத் தடவை காதில் போட்டுக்கொண்டேன். மூன்று நாள் ஜன்னல் ஓரம் வைத்ததில் பழம் தொட்டால் அமுங்கியது. ஆறு மணிக்கே எழுந்து வாத்தியார் சொன்ன மாதிரியே செய்தேன். ஓவனைத் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றேன். மாவு தானாகவே பழத்தைச் சுற்றி எழும்பி, பொன்னிறமாக, ஓரத்தில் சாறு கொப்பளித்துக்கொண்டு வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை.

பத்து இருபதுக்குப் போன். வழியில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன்.

"அப்பா, நான் இனிமே ஞாயித்துக்கிழமை வரலைப்பா. இப்படி முறை வெச்சு வர்றது எனக்கு வேணாம். கோச்சுக்காதே."

ஏன், யார் சொல்லிக்கொடுத்தது, நான் என்ன தப்பு செஞ்சேன்... எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. "சரிம்மா, உன் இஷ்டம்" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

சூடு ஆறுவதற்குள் ஒரு மூலையைப் பிய்த்துச் சாப்பிட்டேன். பிரமாதமாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நாலு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமையை வெச்சுத்தானே அடுத்தது வரைக்கும் நாளைத் தள்ளினேன்? இனிமே எதை வெச்சுத் தள்ளுவேன்?

ஜூலை 1, திங்கள்

பார்ட்னர் மூன்று துண்டு சாப்பிட்டான், கிண்டல் எதுவும் செய்யவில்லை. விஷயம் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மிச்சத்தை டப்பாவோடு அவனிடமே கொடுத்துவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

எப்படியும் இது அவள் முறை இல்லாத ஞாயிறுதான். ஆக இன்றைக்கு எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறாய்.

ஜூலை 14, ஞாயிறு

முறைப்படி இன்று வந்திருக்க வேண்டும். பத்து மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை. ஆறு மணி வரை வெளியே போகவில்லை. அதன் பிறகு துணி துவைத்தேன்.

ஜூலை 17, புதன்

வேலை முடிந்து மூன்று மாடி ஏறி வந்தால் (லிஃப்ட்காரன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடம்), என் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிக்கூட உடுப்பு, பக்கத்தில் பை, மடியில் நோட்டு.

"இன்னிக்கு புதன்கிழமைம்மா" என்றேன், அசடு மாதிரி.

"தெரியும்ப்பா. கதவைத் திற, கால் மரத்துப்போச்சு."

வீட்டில் ரொட்டியும் முட்டையும் தவிர ஒன்றுமில்லை. பொரித்துக் கொடுத்தேன். அடுப்புப் பக்கம் நின்றுகொண்டே சாப்பிட்டாள். ஓவனை எட்டிப் பார்த்து, "பீச் காப்ளர் செய்யலையா?" என்றாள்.

"பழம் இல்லையேம்மா."

"அப்பாடா. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காதுப்பா. நீ எப்பப் பாத்தாலும் அங்க நல்லா கவனிச்சுக்கறாங்களான்னு கேட்டுக்கிட்டே இருப்பே. ஏதாவது சொன்னாத்தான் விடுவே. அதான் வாயில வந்ததைச் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அப்புறம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, வேதியியல் டீச்சருக்கும் ஒரு பெண்ணுக்கும் நடந்த சண்டையை முக்கால் மணி நேரம் சொன்னாள். யார் யார் எந்தப் பக்கம் என்று எனக்குப் பாதி புரியவில்லை. இடையில் எதுவும் கேட்கவில்லை. வீட்டுப்பாடம் எழுதினாள். கொஞ்ச நேரம் தூங்கினாள்.

ஏழரைக்குப் பையை எடுத்தவள் வாசலில் நின்று, "ஒரு சாவி குடுப்பா. எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது, ஒவ்வொரு தடவையும் படியில உக்கார முடியாது" என்றாள்.

இருப்பது ஒரே சாவி. அதை வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டேன். அவள் இறங்கிப் போன பிறகுதான் உறைத்தது. நாளை கதவைப் பூட்டாமல் சும்மா சாத்திவிட்டுத்தான் வேலைக்குப் போகவேண்டும்.