பெயர்நாள் வாழ்த்து

அன்பு மகளுக்கு,

நீ எனக்கு வாங்கித் தந்த கிரெடிட் கார்டை முடக்கச் சொல்லிவிட்டேன். அதற்குள் எவனோ அதில் பெரிய தொகைக்கு என்னென்னவோ வாங்கிவிட்டான். பில் உனக்குத்தான் வரும். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இணையத்தில் ஒரு கடையில் கம்பளிச் செருப்பு வாங்கினேன். அவ்வளவு மலிவாக இருந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுநாள் புனித த்ரீஃபோன் நாள், அவர் பெயரை வைத்திருக்கும் எனக்குப் பெயர்நாள். வாழ்த்த வருகிறவர்களுக்கென்று ஒரு பெட்டி பக்லவா இனிப்பு வாங்கி மேசையில் வைத்திருந்தேன். மத்தியானம் போன் அடித்தது.

"த்ரீஃபோன் ஐயா, இன்னிக்கு உங்க பேர்நாளாச்சே! நூறு வயசு நல்லா இருக்கணும். பேங்க்லேருந்து பேசறேன். செருப்புக்குக் கட்டின பணம் பாதியில நிக்குது. இப்ப மெசேஜ்ல வந்த நம்பரைச் சொல்லுங்க."

சொன்னேன்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அந்த மெசேஜ்லயே போட்டிருக்கே, தாத்தா?" என்று, பிறகு கார்டை முடக்கச் சொல்லப் போனபோது வங்கியில் ஒரு பெண் கேட்டாள். "கார்டுல உங்க பேரு இருக்கு. பேர்நாள் என்னிக்குன்னு காலண்டரைப் பார்த்தா எவனுக்கும் தெரிஞ்சுடும்."

கண்ணாடி போடவில்லை என்றேன். பொய். போட்டுக்கொண்டுதான் படித்தேன்.

உனக்கு அன்றைக்கு வேலை அதிகமாக இருந்திருக்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

வங்கியில் சொல்லாதது ஒன்று உண்டு. நம்பரைச் சொல்லி முடித்ததும் அவனிடம், "பக்லவா அப்படியே இருக்குப்பா, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்றேன். "வரேங்க" என்றான்.

இருட்டும்வரை கதவைத் தாழிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

உன் அப்பா