வெள்ளை முகத்து மோழை மாடுகள்

ஈஸ்ட் ஹாம்,
லண்டன்.
செப்டம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

தர்மிகா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீங்கள் பெரும்போக நெல்லுக்கு வயலை உழத் தொடங்கிவிட்டதாக ஊரிலிருந்து நிருஜன் மச்சான் சொன்னார். தொப்பி போடாமல் வெயிலில் நிற்க வேண்டாம். போனில் கதைத்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள்; டிராக்டர்காரர் வரைக்கும் என்னை நலம் விசாரிக்கிறார், எனக்கு வாய் அடைத்துப்போகிறது. அதனால்தான் கடிதம்.

வருகிற மார்ச்சில் இருந்து இரண்டு வருடம் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துக்குப் போக முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

என் ஆராய்ச்சியில் நான் பார்ப்பது ஹெரிபோர்ட் மாடுகள். சிவப்பு உடம்பு, வெள்ளை முகம், கொம்பு இல்லை. நம் ஊர்ச் சொல்லில் மோழை. குளிருக்குப் பழகிய இனம். சூடான நாட்டுக்குப் போனால் மூச்சு வாங்கும். வெள்ளைத் தோலில் வெயில் பட்டுக் கண்ணோரம் புண் வரும். கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம் உள்ளவை, கோடை தொடங்கியதும் தடித்த மயிரை உதிர்த்துவிடுபவை, மனிதரைக் கண்டு மிரளாதவை என்று தேர்ந்து இனம் சேர்க்கிறோம். லண்டனில் நான் பார்ப்பது கணினியில் எண்களை. அங்கே போனால் கன்றுகளையே பார்க்கலாம்.

அம்மா போக வேண்டாம் என்றார். இவை இறைச்சி மாடுகள் என்பதுதான் காரணம். கோயிலில் எல்லோரிடமும் நான் பால் மாட்டு ஆராய்ச்சி செய்கிறேன் என்று அவரே சொல்லி வைத்திருக்கிறார். நான் வாதாடவில்லை, எனக்கு அது வராது. முந்தின வாரச் சனிக்கிழமை கென்ட்டில் நாங்கள் வேலை செய்யும் பண்ணைக்கு அவரையும் அழைத்துப்போனேன்.

வேலியருகே நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு, "முகம் முழுக்கத் திருநீறு அள்ளிப் பூசினமாதிரி நிக்குதுகள்" என்றார். நான் திரும்புவதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒரு பசுவின் பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பண்ணைக்காரி திருமதி பார்லோவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அறிமுகம் இல்லாத ஒருவர் பின்னால் வந்து தொட்டால் எந்த மாடும் உதைக்கும். அது வாலைக்கூட ஆட்டாமல் புல் மேய்ந்தது. இந்தப் பசுவின் குணத்துக்கு முழுப் புள்ளி என்றார் திருமதி பார்லோ. மற்றவற்றைச் சோதிக்கவும் உன் அம்மாவை அனுப்புவாயா என்று சிரித்தார். நான் மொழிபெயர்த்தேன். "அவவுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்றார் அம்மா, ஆனால் சிரித்துக்கொண்டுதான்.

திரும்பும்போது ரயிலில் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "இதுகளை வெட்டத்தானே வளக்கினம்?"

"ஓம் அம்மா" என்றேன்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை. கோயிலில் கனகாம்பிகை மாமி வழக்கம்போல், உன் மகளின் பால் மாடுகள் எப்படி என்று குத்தலாகக் கேட்டார். அவை இறைச்சி மாடுகள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா குங்குமத்தை வைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "பால் மாடில்லை மாமி, இறைச்சி மாடு. தின்னுறவை தின்னத்தான் போகினம். உயிரோடை நிக்கிற நாளிலையாவது அதுகள் வெயிலிலை வேகாமல் நிக்கட்டுமே. அதுக்குத்தான் என்ரை பிள்ளை படிச்சவள்."

மாமி பிரசாத வரிசைக்குப் போய்விட்டார். என் வேலையை நானே இத்தனை நன்றாக யாருக்கும் சொன்னதில்லை, அப்பா.

அன்று பின்னேரமே ஹை ஸ்ட்ரீட்டில் எனக்கு ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கித் தந்தார். போய்விட்டு வா என்றார். வீட்டுக்கு வந்ததும், தனிய இருப்பீர்களா என்று கேட்டேன். தனிய இருந்தால் என்ன, டிவி இருக்கிறது, கோயில் இருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது, கழுவித் துடைத்து வைத்த கோப்பையை எடுத்து மறுபடி கழுவினார்.

நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.

போரில் பறிபோன நம் ஊர்க் காணி திரும்பக் கிடைத்ததும் லண்டனை விட்டுப் போன நீங்கள், நெல் வெட்டினால் வருவேன் என்று சொன்ன பிறகு இரண்டு பெரும்போகம் முடிந்துவிட்டது. உங்களுக்கு அந்த மண் எப்படியோ, எனக்கு இந்த மாடுகள் அப்படித்தான்; அதனால் கோபம் இல்லை. அம்மா உங்களிடம் கேட்கமாட்டார். எனக்கும் கேட்டுப் பழக்கம் இல்லை. இந்தமுறை அறுவடை மாசியில் முடியும். நான் போவது மார்ச்சில். என்னிடம் இருக்கும் வீட்டுச் சாவியை யார் கையில் கொடுத்துவிட்டுப் போவது என்று மட்டும் எழுதுங்கள் அப்பா.

உங்கள் ஆசியை வேண்டும்,
மகள் தர்மிகா