பைகளுக்கு ஓர் அறை

ஏப்ரல் 8
தக்கலையில் இந்த டிராவல்ஸில் சேர்ந்ததிலிருந்து திற்பரப்பு அருவி, கன்னியாகுமரி, திருச்செந்தூர் என்றுதான் ஆள் ஏற்றியிருக்கிறேன். இன்று முதலாளி பகவதியப்பன் புது வேலை தந்தார். டாக்டர்களும் காண்ட்ராக்டர்களுமாக இருபத்துநாலு பேர். மே மாதம் கொடைக்கானல், ஊட்டி, வெலிங்டன். மூன்று இடத்திலும் கோல்ஃப் ஆட வேண்டுமாம். எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறோம். இவர்களுக்குப் பச்சைப்புல்லில் பந்து உருட்ட வேண்டும். முதலாளியிடமே சொன்னேன்.

"நாட்டத் திருத்துறது பொறவு. முதல்ல ரூம் கெடைக்கான்னு பாரு பிள்ளே."

ஏப்ரல் 15
மைதானத்தில் நாலு நாலு பேராகத்தான் விடுவார்களாம். முதல் நால்வர் விடியற்காலையில், கடைசி நால்வர் வெயில் ஏறியபின். அதற்கேற்ப வேன், சாப்பாடு, இ-பாஸ். ஊட்டியில் சீசன், கெஞ்சிக் கெஞ்சி அறைகள் வாங்கினேன். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறையும் கிடைத்தது. இரண்டு டிரைவர்களுக்கு.

ஏப்ரல் 22
குழுவின் தலைவர் டாக்டர் நாராயணபெருமாள் ஃபோன்.

"கோல்ஃப் பையெல்லாம் வேன்ல கெடந்து ஈரம் அடிக்கப்பிடாது. ஊட்டியில பூட்டி வைக்க ஒரு ரூம் கிட்டுமா மக்கா?"

"ஆகட்டும் சார்" என்றேன். டிரைவர் அறையைப் பைகளுக்கு மாற்றினேன். யோசிக்கவே இல்லை. டிரைவர்கள் வேனில் படுப்பார்கள். எல்லா இடத்திலும் அப்படித்தானே.

ஏப்ரல் 30
டிரைவர்கள் முடிவாயிற்று. ஒருவர் குளச்சல் மரியஜான். இன்னொருவர் — ஷரீஃப் மச்சான். என் அக்கா ஜுஹைனாவின் வீட்டுக்காரர்.

அக்காவுக்குச் சந்தோஷம். "ஏட்டி, அவியளுக்குக் குளிரு ஆகாது. படுக்க ரூம் உண்டா?"

"உண்டு ராத்தா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இல்லை, நான்தான் சொன்னேன்.

மே 3
பைகளை உங்கள் அறைகளிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் சொல்லலாம். ஃபோனை எடுத்தேன். வைத்துவிட்டேன். பணக்காரக் கூட்டம் — ஒத்துக்கொள்ளவா போகிறது?

மே 9
காலையில் மச்சான் ஊட்டியிலிருந்து பேசினார். ராத்திரி முழுக்க மழையாம். இருமிக்கொண்டே சிரித்தார்.

"பிள்ளே, ரூம் உண்டுன்னு ஒன் ராத்தா சொன்னாளேன்னு சாவி கேட்டேன். தொறந்தா உள்ள அவ்வளவும் பை. கட்டில்லயும் பை. போர்வ போத்தாத கொறதான்."

பின்னாலிருந்து மரியஜான்: "ஒம்ம கொழுந்தியாகிட்ட சொல்லும் ஓய், இன்னைக்கு நம்மளையும் ஒரு பைக்குள்ள வச்சு ஜிப்பு போடச் சொல்லி!"

நானும் சிரித்தேன். சீ.

மே 10
இன்றும் ஊட்டியில் மழை.

மே 12
வந்துவிட்டார்கள். என் முன்னாலேயே அக்கா கேட்டாள், ரூம் எப்படி என்று. மச்சான் என்னைப் பார்க்காமல், "நல்ல ரூம்" என்றார். அப்புறம் நெடுநேரம் இருமினார். என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாம்.

மே 16
டாக்டர் அல்வாப் பொட்டலத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். ஏற்பாடெல்லாம் பிரமாதமாம். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒங்க பை கட்டில்ல படுத்துது சார். எங்க ஆளுவ மழையில வேன்ல கெடந்தாவ."

அவர் முகம் மாறிவிட்டது. "அது டிரைவருக்க ரூமா? பைய எங்க ரூம்லயே வச்சிருப்போம்லா. ஒரு வார்த்த சொல்லப்பிடாதா மக்கா? நான் கேட்டேன், நீ சரின்னுட்ட."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

மே 17
அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும். மரியஜானுக்க பெஞ்சாதி சொன்னா" என்றாள். மீன் கழுவப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20
செப்டம்பரில் மறுபடியும் அதே குழு. முதலில் டிரைவர்களின் அறையைத்தான் போட்டேன். மச்சான் வரவில்லை என்றார், காரணம் சொல்லவில்லை. மரியஜான் வருகிறார். அவருக்கு நானே ஃபோன் செய்தேன். கட்டில், கம்பளி, தனி அறை, எல்லாம் உண்டு என்றேன்.



"சரி மக்கா" என்றார். "பை எத்தன உண்டு?"